பூட்டைத் திறக்கும் நாளில் வாருங்கள்

சீசனின் முதல் சனி, ஞாயிறில் அந்தமானின் லாங் ஐலண்டுக்கு வரும் நண்பர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நீங்கள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். சென்னை, கோவை, மதுரை, பெங்களூர் என்று ஆளுக்கோர் ஊரில் வேலை பார்க்கிறீர்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது சேர்ந்து இருக்க வேண்டும் என்று ஆறு பேரும் எட்டுப் பேரும் பணம் போட்டு எங்கள் மரக்குடில்களில் ஒன்றைப் பிடிக்கிறீர்கள். மழை விட்டதும் வரும் முதல் சனி, ஞாயிறுதான் வேண்டும் என்று ஜூலையிலேயே போன் வந்துவிடுகிறது. மற்றக் கூட்டம் வருவதற்கு முன்னால், மணலில் ஒரு செருப்புத் தடம்கூட விழுவதற்கு முன்னால், தீவு உங்களுக்கு மட்டுமாகக் கிடைக்க வேண்டும். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. நானும் இந்தத் தீவில் பிறந்தவள்தான். மழைக்குப் பிறகு வெளுக்கும் முதல் காலைக்காகக் காத்திருக்கிறவள்தான்.

ஆனால் சில வருடங்களாக என் மனதில் ஒன்று கிடக்கிறது. வந்து இறங்கிய முகங்களிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கிளம்பும்போது சொன்னால் கசப்பாகிவிடும். அதனால் நீங்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது 'இது நாங்கள்தானே' என்று ஒரு குழுவுக்குப் பட்டால், அது அவர்களோடு இருக்கட்டும்.

ஜெட்டியில் கால் வைத்ததும் நீங்கள் கேட்கும் கேள்வி எனக்கு மனப்பாடம். "அக்கா, நம்ம வீடு எப்படி இருக்கு?" முதல் வருடம் அந்த 'நம்ம'வைக் கேட்டு உருகிப்போனேன். அலமாரிக்கு அடியில் உங்கள் தகரப் பெட்டி இருக்கிறது. அதில் உங்கள் கேரம் காய்கள், ஊஞ்சல் வலை, தோசைக்கல், யாரோ விட்டுப்போன மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்கின்றன. மழைக்காலத்தில் இரண்டு முறை அதை எடுத்து அடுப்படிச் சூட்டில் வைத்து எடுக்கிறேன். வீடு உங்களுடையது என்று நீங்கள் நினைப்பதில் எனக்குச் சந்தோஷம். அந்த நினைப்பு எதுவரை போகிறது என்பதுதான் என் கேள்வி.

உங்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஊரில் பூட்டிக்கிடக்கும் வீடு ஒன்று இருக்கும். தாத்தாவும் பாட்டியும் போன பிறகு கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் மட்டும் திறக்கிற வீடு. அதைத் திறக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். அம்மா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் விளக்குமாற்றைத் தேடுவார். அப்பா மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கப் போவார். சித்தப்பா ஒட்டடைக்கம்பை எடுப்பார். பொடிசுகள்கூட ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு அலையும். அடுப்பில் பால் பொங்கின பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். அங்கே ஒருவர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் ரெடியாகலையா?" என்று கேட்டால், அவர் அந்த வீட்டு ஆள் கிடையாது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். நீங்கள் இங்கே நம்ம வீடு என்று சொல்லிக்கொண்டே அந்தத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

நீங்கள் வருவதற்குப் பத்து நாள் முன்னால் இங்கே குடில் கதவு எப்படித் திறக்கிறது என்று சொல்கிறேன். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பிக்கிறது. அது முடிந்ததும் வடகிழக்கு. வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. அத்தனை ஈரத்தையும் குடித்த மரக்கதவு ஊதிப்போய்ச் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்தால்தான் சாவி திரும்பும். உள்ளே மெத்தையெல்லாம் பூசணம். படுக்கைக்குக் கீழே பூரான். எங்கள் ஊர்ப் பூரான் உங்கள் ஊர்ப் பூரான் அளவில் இருக்காது, பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு தூணில் கரையான் மண்பாதை போட்டிருக்கும். தண்ணீர்க் குழாயை எலி கடித்திருக்கும். கூரைத் தகரத்தில் இரண்டு ஆணி கழன்று, சரியாக உங்கள் கட்டில் இருக்கும் இடத்தில்தான் சொட்டிக்கொண்டிருக்கும். மழைத் தொட்டிக்குள் இறங்கிப் பாசியைச் சுரண்ட வேண்டும். லாலாஜி பே கடற்கரைக்குப் போகும் காட்டு வழியில் விழுந்த மரங்களை வெட்டி ஒதுக்க வேண்டும்.

பிறகு கடற்கரை. நீங்கள் காலடி படாத மணல் என்று படம் பிடிக்கும் மணல், காற்று மாறும் வரை குப்பைமேடாகத்தான் கிடக்கிறது. தாய் எழுத்துப் போட்ட பாட்டில், பர்மா எழுத்துப் போட்ட எண்ணெய் டப்பா, மலாய் மொழியில் ஏதோ எழுதிய பிஸ்கட் உறை, அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு. நம் தமிழ்நாட்டுத் தண்ணீர் பாக்கெட்டும் உண்டு. கடலுக்குத் தேசம் தெரியாது. யார் போட்டதையும் யார் வாசலிலும் தள்ளிவிட்டுப் போகும். என் வீட்டுக்காரரும் நானும் பக்கத்து வீட்டு இரண்டு பிள்ளைகளும் நான்கு நாள் குனிந்து பொறுக்கினால் ஒரு துண்டு மணல் வெளுக்கும். அந்தத் துண்டைத்தான் நீங்கள் "அன்டச்டு பீச்" என்று போடுகிறீர்கள். தொட்ட நான்கு பேரின் இடுப்புவலி படத்தில் தெரியாது.

இதில் எங்கள் மேலும் தப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் வரும் படகு கண்ணில் பட்டதும் துடைப்பத்தையும் வாளியையும் பின்னால் ஒளித்துவைப்பவள் நான்தான். ஈர மெத்தையை மறைக்கப் புது விரிப்பைப் போடுகிறேன். வேலை நடந்த சுவடே தெரியக் கூடாது என்று நாங்களே பழக்கிவிட்டோம். கண்ணுக்குத் தெரியாத வேலையை யாரும் பங்குபோட வர மாட்டார்கள். அதனால் இந்த வருடம் ஒளிக்கப்போவதில்லை.

இனி நேராகச் சில விஷயங்கள்.

முதலில் தண்ணீர். இவ்வளவு மழை பெய்கிற இடத்தில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று ஒரு தம்பி கேட்டார். மழை பெய்கிறது, ஓடிக் கடலில் விழுந்துவிடுகிறது. பிடித்து வைத்ததுதான் நம்முடையது. பிப்ரவரி தாண்டினால் அதே தீவில் வாளியை எண்ணி வைப்போம். உங்கள் சனிக்கிழமையிலேயே அந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. போன வருடம் ஒரு குழு உப்பு போகவில்லை என்று ஆளுக்கு மூன்று குளியல் போட்டதில் சாயங்காலத்துக்குள் தொட்டி காலி. அப்போது எழுந்த கேள்வியும் "ஏன் பெரிய டேங்க் வைக்கலை?" என்பதுதான். யாரும் "எவ்வளவு இருக்கு?" என்று காலையில் எட்டிப்பார்க்கவில்லை. தொட்டிக்குள் இறங்கி ஒரு தடவை பாசி சுரண்டினவர் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

மின்சாரமும் அப்படித்தான். சுவிட்சைப் போட்டால் இங்கே எரிவது கப்பலில் வந்த டீசல். சென்னையிலிருந்து வரும் கடலடி இன்டர்நெட் கேபிள் எங்கள் தீவிலும் கரையேறுகிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் அதைத் திறந்துவைத்தார். சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைத்துவிட்டு அது தொடும் ஏழு தீவுப் பகுதிகளில் லாங் ஐலண்டும் ஒன்று. அதனால் உங்கள் புக்கிங் நொடியில் வந்துவிடுகிறது. வெங்காயமும் கேஸ் சிலிண்டரும் இன்னும் ரங்கத் ஊரிலிருந்து படகில்தான் வருகின்றன. கேபிள் வந்துவிட்டதால் மற்றதெல்லாமும் கேபிள் வேகத்தில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்தப் படகைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். யெரட்டா ஜெட்டியிலிருந்து அலையாத்திக் காட்டு ஓடை வழியாக வரும் அரசுப் படகு உங்களுக்குப் பயணத்தின் அழகான ஒரு மணி நேரம். மேல்தளத்தில் நின்று முதலை தெரிகிறதா என்று பார்க்கிறீர்கள். எங்களுக்கு அதுதான் பஸ், ஆம்புலன்ஸ், மளிகை வண்டி எல்லாம். பிரசவ நாள் நெருங்கிய பெண்ணும், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவரும், ரங்கத்தில் கையெழுத்துப் போட வேண்டிய ஆசிரியரும் அதில்தான் போக வேண்டும். போன சீசனில் ஒரு திங்கட்கிழமைக் காலைப் படகில் குழுவாக வந்தவர்கள் பைகளையும் ஸ்பீக்கரையும் பலகையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டயாலிசிஸுக்குப் போகும் ஒரு தாத்தா ஏணிப்படி ஓரமாக நின்றபடியே போனார். யாரும் எந்த விதியையும் மீறவில்லை. எல்லோரிடமும் டிக்கெட் இருந்தது. "பையை இறக்கி வைங்க" என்று சொல்ல அவருக்குக் கூச்சம். விருந்தாளி முன்னால் வாய் திறக்காத கூச்சம் இந்தத் தீவில் எல்லோருக்கும் உண்டு. அந்தத் தாத்தா உங்கள் தெருக்காரர் என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்களா?

அடுத்தது காற்று. முதல் சனி, ஞாயிறு என்று நீங்கள் பிடிக்கும் நாட்கள் நவம்பரில் வருகின்றன. மழை விட்டது என்பது அப்போது பாதி உண்மைதான். வங்காள விரிகுடாவில் புயல் கிளம்பும் மாதமும் அதுவே. கடல் சரியில்லை, லாலாஜி பேக்கு இன்றைக்கு டிங்கி எடுக்க முடியாது என்று என் தம்பி சொன்னால், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், டபுள் தர்றோம், போலாம்" என்கிறீர்கள். இருபத்திரண்டு வயசுப் பையன். கூப்பிடுவது அண்ணன், அக்கா என்று பாசமாகப் பேசுகிறவர்கள். நீட்டுவது இரண்டு மடங்கு பணம். அவன் எத்தனை தடவை மறுப்பான்?

2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் பக்கத்தில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. ஏற்ற வேண்டிய அளவைத் தாண்டி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். நம் ஊர்க்காரர்கள். 2016 டிசம்பரில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் புயலில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் வந்துதான் மீட்டன. அந்தக் காற்றுதான் சில நாளில் வர்தா என்ற பெயரில் உங்கள் சென்னைக்கு வந்து மரங்களைப் பிடுங்கிப் போட்டது. இங்கே படகுக்காரர் 'இல்லை' என்று சொன்னால் அது வியாபார பேரம் ஆகாது. அவருக்கு அதில் ஒரு நாள் கூலி போகிறது. போனாலும் பரவாயில்லை என்று சொல்கிறார் என்றால் அந்தக் கடலில் அவர் எதைப் பார்த்தார் என்று யோசியுங்கள்.

ராத்திரி வெளிச்சமும் சத்தமும் மீதி இருக்கின்றன. இங்கே நவம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். தீவு கிழக்கே எங்கோ கிடக்கிறது. கடிகாரம் மட்டும் மெயின்லேண்டுக் கடிகாரம். ராத்திரி நீளமாக இருக்கிறதே என்று நீங்கள் மணலில் விளக்குத் தோரணம் கட்டி, ஸ்பீக்கரை வைத்து, தீ மூட்டுகிறீர்கள். ஆமை கரையேறி முட்டையிடும் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. இருட்டான கரையைத் தேடித்தான் தாய் ஆமை வரும். பொரித்த குஞ்சு கடலின் மினுமினுப்பைப் பார்த்து நகரும். விளக்கு இருந்தால் விளக்கை நோக்கி நகர்ந்து, காலையில் நண்டுக்கும் நாய்க்கும் இரையாகக் கிடக்கும். விடிந்ததும் அதைப் பார்ப்பவள் நான். நீங்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பீர்கள். பவளத்துண்டையும் சங்கையும் பையில் போட்டுக்கொண்டு போவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் குற்றம் என்பது உங்களுக்கே தெரியும். ஜாரவா மக்களின் காட்டு வழியாக வண்டி வரும்போது கேமராவை உள்ளே வைக்க வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்ததைத் திருப்பிச் சொல்லி உங்களைச் சிறுபிள்ளை ஆக்க எனக்கு விருப்பம் இல்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குக் கேட்கிறது. "அக்கா, நாங்கள் பணம் கொடுக்கிறோமே. வாரம் முழுக்க மூளையைக் கசக்கிவிட்டு ஓய்வுக்கு வருகிறோம். இங்கேயும் வேலை செய்யச் சொன்னால் எப்படி?" நியாயமான கேள்விதான். பணம் கொடுக்கிறீர்கள், அதில்தான் என் மகள் போர்ட் பிளேரில் படிக்கிறாள். அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 செப்டம்பரில் பெயர் வைத்துவிட்டார்கள். என் நாக்குத்தான் இன்னும் பழகவில்லை. உங்கள் காசுக்கு நான் நன்றி இல்லாதவள் இல்லை. ஆனால் காசு கொடுத்தால் கிடைப்பது அறை. 'நம்ம வீடு' என்பதை நான் விற்கவில்லை. விலை போட்டதும் இல்லை. அதை நீங்களாகவே எடுத்துக்கொண்டீர்கள். எடுத்துக்கொண்டதற்கு உரியதைத்தான் கேட்கிறேன்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. என் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி மர வேலைக்கு இங்கே வந்தவர். அப்போது தீவே மரத்தை நம்பித்தான் இருந்தது. படாக் மரமும் குர்ஜன் மரமும் கட்டைகளாக ஜெட்டியில் குவிந்து கிடந்ததைப் பார்த்து வளர்ந்தேன். சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தமானில் வியாபாரத்துக்காக மரம் வெட்டுவதை நிறுத்தியது. காட்டுக்கு அது நல்லது. அப்பாவே அதைச் சொன்னார். வேலை போன அன்றைக்கும் சொன்னார். ஆனால் கூட வேலை பார்த்த எத்தனையோ குடும்பங்கள் சாமானைக் கட்டிக்கொண்டு ரங்கத்துக்கும் போர்ட் பிளேருக்கும் மெயின்லேண்டுக்கும் போய்விட்டன. மீதி இருந்தவர்களுக்கு மீனும் தென்னையும் பாக்கும், அரசாங்க வேலை கிடைத்தவர்களுக்கு அதுவும். பிறகு முதுகுப் பையோடு ஒருவர் இருவராக நீங்கள் வந்தீர்கள். எங்கள் அப்பா போட்ட தூண்களைச் சுற்றித்தான் இந்த மூன்று குடில்களும் எழுந்தன.

இப்போது அடுத்த திருப்பம். மத்திய அரசு 2017இல் தீவு மேம்பாட்டு முகமையை அமைத்தது. நிதி ஆயோக் முதலில் தேர்ந்தெடுத்த தீவுகளில் லாங் ஐலண்டும் இருந்தது. லாலாஜி பேயில் 220 அறைகளோடு பெரிய விடுதி ஒன்றைத் தனியார் மூலம் கட்டத் திட்டம் போட்டார்கள். ஏறக்குறைய 18 சதுர கிலோமீட்டர் தீவு இது. பஸ்ஸும் ஆட்டோவும் கிடையாது. தொட்டித் தண்ணீரை எட்டிப்பார்த்துக் குளிக்கும் ஊர். 220 அறைகளுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு டீசல், எவ்வளவு குப்பை என்று கணக்குப் போட நான் படித்தவள் இல்லை. போடத் தெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர்.

அந்தத் திட்டத்தை ஆதரிக்கிற பிள்ளைகளும் எங்கள் தீவில் இருக்கிறார்கள். வேலை வேண்டும் அவர்களுக்கு. அவர்களைத் திட்ட என்னால் முடியாது. "அக்கா, உங்க மூணு குடிலுக்கு வர்றவங்க மட்டும் என்ன ஒழுங்கு? அவங்க குப்பையும் நம்ம தலையிலதானே விழுது? பெரிய கம்பெனி வந்தா குப்பை அள்ள ஆளாவது போடும்" என்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. போன வருடம் நீங்கள் விட்டுப்போன பாட்டில் மூட்டை அவர்கள் கண் முன்னாலேயே கிடந்தது. பாதியை வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி எரித்தோம். எரித்தது தப்பு, வேறு வழி தெரியவில்லை.

அந்தப் பதிலை நீங்கள்தான் எனக்குத் தர முடியும். 220 அறைக்கு வரும் ஆளிடம் யாரும் வாளியைக் கொடுக்க முடியாது. அவருக்கும் தீவுக்கும் நடுவில் மேனேஜர், லாண்டரி, வெல்கம் டிரிங்க் எல்லாம் நிற்கும். உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வாசல்படிதான் இருக்கிறது. நீங்கள் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். யாருக்கு மீன் ஆகாது, யாருக்குக் குறட்டை என்றுகூடத் தெரியும். சின்ன இடம் என்பதால்தான் இங்கே விருந்தாளி வீட்டு ஆளாக முடிகிறது. அது நடந்தால் சின்னக் குடில்களே இந்தத் தீவுக்குப் போதும் என்று நான் தலை நிமிர்ந்து சொல்வேன். நடக்காவிட்டால் நாமும் ஒரு சின்ன ரிசார்ட், அவ்வளவுதான். பெரிய ரிசார்ட்டிடம் தோற்றுப்போக வேண்டியவர்கள்தான்.

ஆகவே என் வேண்டுகோள். இந்த வருடம் முதல் சனி, ஞாயிறை யாருக்கும் வாடகைக்குக் கொடுக்கப்போவதில்லை. அது வீடு திறக்கும் நாள். வரலாம், தங்கலாம், வெள்ளிக்கிழமை ராத்திரிக்கும் சனிக்கிழமை ராத்திரிக்கும் காசு வேண்டாம். சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு விடிந்துவிடும். அப்போதிலிருந்து பதினோரு மணி வரை உங்கள் நேரத்தை வீட்டுக்குக் கொடுங்கள். இரண்டு பேர் தொட்டிக்குள், இரண்டு பேர் கூரையில், ஒருவர் மெத்தைகளை வெயிலில் திருப்பிப் போட, மீதிப் பேர் கடற்கரையில். பொறுக்கிய குப்பையைச் சாக்கில் கட்டி, கொண்டுவந்ததையும் சேர்த்துக் கட்டி, திரும்பும் படகில் ஆளுக்கு ஒரு சாக்காக ரங்கத்துக்கு எடுத்துப்போங்கள். உங்கள் பை மடியில் இருக்கட்டும், பலகை தாத்தாவுக்கு. பதினோரு மணிக்கு மேல் கடல் உங்களுடையது. காற்று சரியாக இருந்தால் தம்பி டிங்கி எடுப்பான். இல்லை என்றால் கேரம் பெட்டி இருக்கிறது.

இது தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு குழு, மூன்று வருடம் முன்னால், மழை ஒரு வாரம் தள்ளிப்போனதால் நாங்கள் ஒன்றும் செய்து முடிக்காத நேரத்தில் வந்து இறங்கியது. ஒளித்துவைக்க எனக்கு நேரம் இல்லை. முகம் சுளிப்பார்கள் என்று பயந்தேன். ஒரு தங்கை பேசாமல் என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கினாள். பார்த்துக்கொண்டே இருந்த மற்றவர்களும் ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். மத்தியானம் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து சூரை மீன் குழம்பு சாப்பிட்டோம். அந்தக் குழுவில் ஒருவரும் அன்றைக்கு மூன்று தடவை குளிக்கவில்லை. விளக்கை எப்போது அணைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். நான் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. அந்த ஆறு பேரும் இப்போது போனில் "வீடு எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை. "தொட்டியில எவ்வளவு ஏறியிருக்கு அக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

வர முடியாதவர்கள் இரண்டாவது வாரம் வாருங்கள், வழக்கம்போல வாடகை கொடுங்கள், வழக்கம்போல நான் டீயோடு நிற்பேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எல்லோரும் வீட்டு ஆளாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் 'நம்ம வீடு' என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் முதல் வாரம் வாருங்கள்.

வரும்போது பழைய சட்டை ஒன்று, ரப்பர் கையுறை ஒரு ஜோடி, ஆளுக்கு இரண்டு சாக்கு கொண்டுவாருங்கள். கதவுக் கீலுக்கு எண்ணெய் நான் வைத்திருக்கிறேன். இந்த வருடம் பூட்டைத் திறக்காமல் காத்திருக்கிறேன். சாவியை நீங்களே திருப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தகரப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கும் அக்கா,
லாங் ஐலண்ட், மத்திய அந்தமான்